கரிக்கோடு விழுந்த தேயிலைப் பேணி



கிரானிலே ஒரு வளவு. தாயின் சீதனக் காணி. மட்டக்களப்பு வழக்கப்படி அந்தத் தாய் அதனைத் தன் இரண்டு பெண்மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தாள். இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. மூத்தவள் காலையில் தையல் வேலைக்குப் போய்விடுவாள். போகும்போது வீட்டுத் திறப்பை இளையவளிடம் கொடுப்பாள். இளையவள் வந்து முதிய தாய்க்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கூட இருந்து கதைத்துவிட்டுப் போவாள். பல வருடங்களாக நடந்து வந்த ஒழுங்கு இது.

மாதத்துக்கு இரண்டு பக்கற் தேயிலை. அதுவும் பல வருடக் கணக்கு. முதலாந் திகதி வாங்கினால் மாதக் கடைசி வரை வரும். திடீரென்று ஒரு மாதம் கடைசி மூன்று நாட்களுக்குத் தேயிலை இல்லை. மூத்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்த மாதமும் அதே மூன்று நாள். அவள் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்க வெட்கம்; கேளாமல் இருக்கவும் முடியவில்லை. அதற்கடுத்த மாதம், வேலைக்குப் போகுமுன் பேணியைத் திறந்து, தேயிலை நின்ற மட்டத்தில் உட்புறமாக அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுத்து வைத்தாள்.

இளையவள் பேணியைத் திறந்தபோது அந்தக் கரிக்கோட்டைக் கண்டாள். கோட்டின் கருத்து அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். திறப்பை வாசற்படியில் வைத்தாள். மறுநாள் அவள் வரவில்லை. இரண்டு மாதம் ஒரே வளவுக்குள் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு ஒன்றாக வந்த சகோதரிகள் ஆளுக்கொரு வாங்கில் இருந்தார்கள்.

விடயத்தை வெளிக்கொண்டு வந்தது வெண்டி விதை. அந்தத் தாய் பழைய தேயிலைப் பக்கற் ஒன்றில் விதை கட்டி வைத்திருந்தாள். மாரிக்கு முந்தி விதையை எடுக்கும்போது, பழைய பக்கற்றையும் அன்று கடையில் வாங்கிய புதிய பக்கற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம், ஒரே படம், ஒரே உயரம். பள்ளிக்குப் போகும் பேரன் இரண்டையும் கையில் எடுத்துப் பின்புறத்தில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தான். பழையதில் 200 கிராம். புதியதில் 180 கிராம். விலையில் ஒரு சதமும் குறையவில்லை.

கணக்கைப் பாருங்கள். முன்னர் இரண்டு பக்கற்றில் 400 கிராம்; முப்பது நாளுக்குப் போதும். இப்போது 360 கிராம். அதே கையால், அதே கரண்டியால் போட்டால் இருபத்தேழு நாளில் முடியும். காணாமற்போன மூன்று நாளும் அதுதான். தேயிலை எடுத்தது தங்கச்சியல்ல.

நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது மூத்தவள் முற்றத்தில் நின்று அழுதாள். “சுவாமி, இருவது கிராமுக்கு என்ர தங்கச்சியக் கள்ளி எண்டு நினைச்சிட்டன்” என்றாள். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. இரண்டு சகோதரிகளும் தாயும் பக்கத்தில் நிற்க, வெளியிற் சொன்னது. “மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்க சுவாமி. எங்களைப் போல வேற ஆரும் பிரியக்கூடா” என்று அவளே கேட்டுக்கொண்டபடியால், பெயரை மட்டும் விட்டு, இங்கே சொல்லுகிறேன்.

இறைவாக்கினரின் காதில் விழுந்த பேச்சு

இது நமது காலத்துப் புதிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். பக்கற் புதிது, தந்திரம் பழையது. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், இஸ்ராயேலை இரண்டாம் எரோபவாம் ஆண்ட காலத்தில், தெக்கோவா ஊரில் இருந்து ஓர் இடையர் வந்தார். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். அவர்தான் ஆமோஸ் இறைவாக்கினர். நாடு அப்போது செழிப்பாக இருந்தது. ஆலயங்களில் பலிகளுக்குக் குறைவில்லை, பாடல்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஆமோஸ் சந்தையிலும் காது கொடுத்துக் கேட்டார்.

அவருடைய நூலின் எட்டாம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறன்று நமது ஆலயங்களில் முதல் வாசகமாக அதைக் கேட்கிறோம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று வியாபாரிகள் அந்தரப்படுகிறார்கள். உடம்பு வழிபாட்டில் இருக்கிறது. மனம் தராசில் இருக்கிறது. அவர்களுடைய திட்டத்தில் மூன்று பகுதிகள். தானியம் அளந்து கொடுக்கும் பாத்திரத்தைச் சிறிதாக்குவது ஒன்று. விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கும் கல்லைக் கனமாக்குவது மற்றொன்று. பதரையும் கூட்டி அள்ளிய கழிவையும் கோதுமையோடு சேர்த்து விற்பது மூன்றாவது.

அந்த அளவுப் பாத்திரத்துக்கு எபிரேயர் இட்ட பெயர் ஏப்பா. நமது வேதாகமத்தில் அதனை மரக்கால் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் நாம் மரைக்கால் என்கிறோம். பாத்திரத்தின் வயிறு சுருங்கிற்று, பெயர் மட்டும் சுருங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்க வந்த ஏழை முன்னைப் போலவே ‘ஒரு ஏப்பா’ என்று கேட்டான். ‘ஒரு ஏப்பா’ என்றே அவனுக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்குப் போன பிறகுதான் பானை குறைந்தது. அந்த வீட்டிலும் யாராவது யாரையாவது சந்தேகித்திருப்பார்கள்.

ஆமோஸ் இதற்குச் சொல்லும் தீர்ப்பு மிகவும் கனமானது. அவர்கள் செய்தது எதையும் மறப்பதில்லை என்று ஆண்டவர் ஆணையிடுகிறார். பாவத்தை மன்னித்து மறக்கிற தேவன், ஏழைக்குக் குறைத்து அளந்ததை மறக்கமாட்டேன் என்கிறார். சின்ன விடயமாக நாம் தள்ளிவிடுகிற ஒன்றைக் கடவுள் தமது கணக்கில் எழுதி வைக்கிறார்.

இதனை விளங்கிக்கொள்ள நமக்குப் பெரிய படிப்பு வேண்டாம். நமது முன்னோரின் களவெட்டியை நினைத்தாற் போதும். சூடடித்துத் தூற்றிய பின் பொலியை அளக்கும்போது, களவெட்டிப் பேச்சில் மரைக்காலைக் ‘கணக்கன்’ என்பார்கள். அளக்கும் பாத்திரத்தையே கணக்குப் பார்க்கும் மனிதனாக மதித்தார்கள். களத்தில் கணக்கன் பொய் சொன்னால் ஊரில் எவனை நம்புவது? தலைதட்டி அளப்பதும் உண்டு, கும்பமாக அளப்பதும் உண்டு. எதுவாயினும் எல்லோர் கண்முன்னும் நடந்தது. நமது ஆண்டவர் யேசு, கொடுப்பவனுக்குக் கிடைக்கும் பலனைப் பற்றிப் பேசும்போது, குலுக்கி அமுக்கி மேலே கும்பம் சரிய அளந்து மடியிற் கொட்டும் அளவையையே உவமையாக எடுத்தார். அதைக் கேட்டவர்களும் களம் கண்டவர்கள்தான்.

எழுதியிருந்தால் குற்றமில்லையா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “சுவாமி, பக்கற்றில் 180 கிராம் என்று எழுதித்தானே இருக்கிறது? உள்ளேயும் 180 கிராம் சரியாக இருக்கிறது. இதில் களவு எங்கே?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அச்சிட்ட நிறை உள்ளே இருந்தால், நிறையைப் பொறுத்தவரை நாட்டுச் சட்டத்தின் முன் அது பொய் நிறை அல்ல. ஆமோஸ் கண்ட வியாபாரி அளவையே பொய்யாக்கினான். இவர் அளவை எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றென்று சொன்னால் அதுவும் நீதியல்ல.

ஆனால் சட்டத்தின் முன் நிரபராதி என்பதும் மனச்சாட்சியின் முன் நிரபராதி என்பதும் எப்போதும் ஒன்றல்ல. திருச்சபையின் பெரிய வேதபாரகரான புனித தோமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்திருக்கிறார். விற்கும் பொருளில் உள்ள குறையை விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவரா என்று கேட்டு, ஒற்றைக்கண் குதிரையை உதாரணமாகக் காட்டுகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். அப்படிப் பார்த்தவுடன் தெரிகிற குறை என்றால், அத்தோடு அந்தக் குறைக்கு ஏற்றபடி விலையையும் குறைத்தால், விற்பவர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் குற்றமில்லை என்பது அவருடைய முடிவு. இரண்டு நிபந்தனை: குறை கண்ணுக்குத் தெரிய வேண்டும், விலையும் குறைய வேண்டும்.

நமது தேயிலைப் பக்கற்றை அந்த இரண்டு நிபந்தனைகளிலும் வைத்துப் பாருங்கள். விலை குறைந்ததா? இல்லை. குறை கண்ணுக்குத் தெரிந்ததா? பக்கற்றின் உயரம் மாறவில்லை, நிறம் மாறவில்லை. மாறிய ஒரே ஒன்று மடிப்புக்குப் பக்கத்தில், கடுகளவு எழுத்தில். பழைய படத்தைப் பெரிதாகக் காட்டியவர்கள் புதிய நிறையைச் சின்னதாகக் காட்டியது ஏன்? வாங்குபவரின் கண் பழக்கத்தில் ஓடிவிடும் என்ற நம்பிக்கையில்தான். குறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். குறைத்தது தெரியாமல் இருக்கட்டும் என்று எண்ணியதே பாவத்தின் வாசல்.

ஆகவே இதில் ஒருவர் தன் மனச்சாட்சியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். ‘வாங்குபவர் இதை அறிந்தால் என்ன சொல்வார் என்று பயந்து இதை மறைக்கிறேனா?’ ஓம் என்று மனம் சொன்னால், எழுத்து எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே உண்மை இல்லை.

வெளிநாடுகளில் இந்த மனச்சாட்சிக் கேள்வி இப்போது சட்டமாகவும் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு பிரித்தானியாவில் டொப்லரோன் என்ற முக்கோணச் சொக்கிலேற்றின் முகடுகளுக்கு இடையில் இருந்த இடைவெளியை அகலமாக்கி, 400 கிராமை 360 கிராமாகவும் 170 கிராமை 150 கிராமாகவும் குறைத்தபோது பெரிய சலசலப்பு எழுந்தது. 2023ஆம் ஆண்டு பிரான்சில் கார்ஃபூர் என்ற பெருங்கடை நிறுவனம், நிறை குறைந்தும் விலை குறையாத பொருட்களுக்குப் பக்கத்தில் அதைச் சொல்லும் அறிவிப்பைத் தானே ஒட்டியது. 2024 யூலை 1 முதல், அந்நாட்டில் 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் அப்படிப்பட்ட அறிவிப்பை இரண்டு மாதம் வைக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. குறைக்காதே என்று அந்தக் கட்டளை சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குறை என்றுதான் சொல்கிறது.

வியாபாரியின் பக்கம்

வியாபாரிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதையும் கேட்பது நீதி. 2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய இருநூறு. 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மா, 2022 மார்ச்சில் 790 ரூபா. கடைக்காரரும் அதே விலைக்குத்தான் வாங்கினார். விலையைக் கூட்டினால் சனம் வராது. கூட்டாவிட்டால் கடையை மூடவேண்டும். சின்னப் பக்கற் ஆக்கினால் கையில் இருக்கும் காசுக்கு ஏழை ஏதோ கொஞ்சமாவது வாங்குவான். இந்தியாவில் பார்லே-ஜி பிஸ்கற் ஐந்து ரூபாய் விலையை வருடக்கணக்காக மாற்றாமல் வைத்து, நிறையைப் படிப்படியாகக் குறைத்து வந்ததும் இந்தக் காரணத்தாலேதான். ஐந்து ரூபாய்க் குற்றியோடு வருகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்று ஒருவர் சொன்னால், அதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது.

சின்னப் பக்கற் பாவமல்ல. விலை ஏற்றமும் தன்னளவில் பாவமல்ல. நியாயமான காரணம் இருந்தால் அது வியாபாரத்தின் இயல்பு. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளைக்கு விரோதமானவற்றை எண்ணும்போது, மற்றவருடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையைக் கூட்டுவதையும் சேர்த்துச் சொல்கிறது. இங்கே இரண்டு சொல்லை நினைவில் வையுங்கள்: அறியாமை, நெருக்கடி.

அறியாமை என்றால் என்ன என்று தேயிலைப் பேணியில் கண்டோம். பக்கற் 360 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் இருந்தபோது ஒரு கிராம் ஒரு ரூபா 80 சதம். 180 கிராம் ஆனபோது ஒரு கிராம் இரண்டு ரூபா. நூற்றுக்குப் பதினொரு வீதம் விலை கூடியிருக்கிறது. ஆனால் விலைச்சீட்டில் ஒரு சதமும் கூடவில்லை. விலை கூடியிருந்தால் அந்த மூத்தவள் கடையில் நின்று முறுமுறுத்திருப்பாள். வீட்டுக்கு வந்து தங்கச்சியிடமும் சொல்லி இருவரும் சேர்ந்து முறுமுறுத்திருப்பார்கள். தேயிலையைச் சிக்கனமாகப் போட்டிருப்பார்கள். வெளிப்படையான விலையேற்றம் இரண்டு பேரையும் ஒரு பக்கத்தில் நிறுத்தியிருக்கும். மறைவான விலையேற்றம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

நெருக்கடி என்றால் என்ன என்று கிரான் மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெருமழைக் காலத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடும்போது, அப்பால் இருக்கும் ஊர்களுக்குத் தோணிதான் வழி. அந்த நேரம் அக்கரையில் அரிசியும் பருப்பும் வைத்திருப்பவரே இராசா. வேறு கடைக்குப் போவேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நாளில் நேர்மையாக நிறுக்கிறவரே உண்மையான வியாபாரி. வெயில் நாளில், பக்கத்தில் நாலு கடை இருக்கும்போது நேர்மையாக இருப்பது பெரிய காரியமல்ல.

இறாத்தல் என்ற சொல்

நாம் இன்றும் கடையில் ‘ஒரு இறாத்தல் பாண்’ என்றுதான் கேட்கிறோம். இறாத்தல் என்பது பாணின் பெயரல்ல, நிறையின் பெயர். இன்றைய கணக்கில் ஓர் இறாத்தல் 453 கிராமுக்குச் சற்று மேல். கிலோ வந்த பிறகு இறாத்தல் தராசை விட்டுப் போனது, வாயை விட்டுப் போகவில்லை. முழுப் பாண் 450 கிராம் என்பதும் அரை இறாத்தல் 225 கிராம் என்பதும் அதன் தொடர்ச்சிதான். பாணின் நிறை குறைகிறது என்ற முறைப்பாடுகளின் மத்தியில், 2024 பெப்ரவரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இந்த நிறைகளை வர்த்தமானியில் அறிவித்து, வெதுப்பகங்களையும் கடைகளையும் சோதிக்கத் தொடங்கியது.

வர்த்தமானி வருவதற்கு முன்னரே அந்தக் கட்டளை நமது பேச்சில் இருந்தது. ‘ஒரு இறாத்தல்’ என்று கேட்கும் ஏழை ஒரு நிறையைக் கேட்கிறான். அதைக் கொடுப்பதாகத் தலையசைத்து, காற்றடைத்த பாணைக் கொடுத்தால், கொடுத்தது பாண், கெடுத்தது சொல். வெதுப்பகத்தில் கோதுமை மா விலை ஏறியது மெய்தான். ஏறியதைச் சொல்லி விலையை ஏற்றுங்கள். இறாத்தலின் பெயரில் இறாத்தலைக் குறைக்காதீர்கள்.

நமது வீட்டுத் தராசு

இவ்வளவும் கேட்டுவிட்டு, பெரிய கம்பனிக்காரரைத்தான் சுவாமி கண்டிக்கிறார் என்று நாம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டால், இந்தப் பிரசங்கம் வீண். கம்பனிக்காரர் இந்தப் பத்திரிகையை வாசிப்பாரோ தெரியாது. வாசிக்கிறவர்கள் நாங்கள்.

நம்மில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. இரவிலே சீனியையும் பருப்பையும் பொலித்தீன் பையில் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று கட்டித் தொங்கவிடுகிறோம். அந்த ஒரு கிலோவில் ஆயிரம் கிராம் இருக்கிறதா? பக்கற் கம்பனி 180 என்றாவது எழுதுகிறது. நாம் எழுதுவதும் இல்லை. மிச்சக் காசுக்குச் சில்லறை இல்லை என்று ரொபியைக் கொடுக்கிறோம்; அதே ரொபியைத் திருப்பிக் கொண்டுவந்தால் காசாக எடுப்போமா?

நெல் வாங்குபவர்கள் உண்டு. ஈரம் என்றும் பதர் என்றும் சாக்கு என்றும் மூடைக்கு இத்தனை கிலோ கழிக்கிறோம். உண்மையான ஈரத்துக்குக் கழிப்பது நியாயம். காய்ந்த நெல்லுக்கும் அதே கழிவு என்றால், அது ஆமோஸ் சொன்ன கனத்த எடைக்கல். கடனுக்கு விதைநெல்லும் பசளையும் வாங்கிய விவசாயி அறுவடை நாளில் வாய் திறக்க மாட்டான் என்பது நமக்குத் தெரியும். அவனுடைய மௌனம் சம்மதமல்ல.

பால் ஊற்றுகிறவர்கள் உண்டு; தண்ணீரின் அளவு அவர்களுக்கும் கடவுளுக்கும் தெரியும். கூலிக்குப் போகிறவர்கள் உண்டு; எட்டு மணித்தியாலம் என்பதும் ஒரு பக்கற், அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் கூலி கொடுப்பவர் திறந்து பார்க்க முடியாது. கூலி கொடுப்பவர்களும் உண்டு. பேசிய கூலியைப் பொழுது சாய்ந்த பின் குறைப்பவர்கள்.

வாங்குபவர்களும் தப்பமுடியாது. நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ‘சரியில்லை, சரியில்லை’ என்று விலையைக் குறைத்து வாங்கி, வழியில் போகும்போது பெருமை பேசுகிறவனை நீதிமொழி நூல் இருபதாம் அதிகாரத்தில் படம் பிடித்துக் காட்டுகிறது. வாவிக்கரையில் மீன் விற்கும் தாயிடம் ஐம்பது ரூபாவுக்குப் பேரம் பேசி நிற்கிற நாம், பெரிய கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் பேசாமல் காசைக் கட்டுகிறோம். ஏழையிடம் மட்டும் நமது தராசு கூர்மையாக இருக்கிறது.

சீராக் ஆகமம் இருபத்தேழாம் அதிகாரத்தில் ஓர் உவமை உண்டு. இரண்டு கல்லின் இடுக்கில் அடித்த முளை இறுகிப்போவது போல, விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பாவம் புகுந்து நிற்கிறதாம். முளை ஒரு கல்லுக்கு மட்டும் சொந்தமல்ல. இரண்டு கல்லும் சேர்ந்துதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

திருப்பிக் கொடுத்தல்

களவுக்கும் பொய்ச்சாட்சிக்கும் கட்டளைகள் வேறு வேறு. ஏழாவது ஒன்று, எட்டாவது மற்றொன்று. தேயிலைப் பேணியில் இரண்டும் சந்தித்தன. மறைத்துக் குறைத்தது ஒருவர். பழி விழுந்தது வேறொருவர் மேல். ஆகையால்தான் இந்தக் காரியத்தில் மன்னிப்புக் கேட்பது மட்டும் போதாது, ஈடுசெய்யவும் வேண்டும் என்று திருச்சபை போதிக்கிறது. சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்ற அன்று வெறுமனே அழவில்லை. ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கணக்குச் சொன்னான். அதன் பின்னரே இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார்.

“யாருக்கு எவ்வளவு குறைத்தேன் என்று எனக்கே தெரியாதே சுவாமி” என்று ஒருவர் சொல்லலாம். உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே புனித தோமஸ் முதலிய வேதபாரகர் காட்டும் வழி. ஆனால் நமது ஊர்களில் அநேகமாக உரியவர் யார் என்று தெரியும். வழமையாக வரும் அதே பத்துக் குடும்பம்தான். ஒரு மாதம் அவர்களுக்குக் கும்பமாக அளந்து கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் கடவுளுக்கும் தெரிந்தாற் போதும்.

கடை வைத்திருப்போருக்கு இன்னொரு வேண்டுகோள். பக்கற் சுருங்கியதை முதலில் அறிகிறவர் நீங்கள். லொறியில் இருந்து இறக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சுருக்கியது நீங்கள் அல்ல. ஆனால் “மகள், இந்த முறை இருவது கிராம் குறைச்சுத்தான் வந்திருக்கு, பாத்து வாங்குங்க” என்று ஒரு சொல் சொல்ல உங்களால் முடியும். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அந்தப் பேணிக்குள் கரிக்கோடு விழுந்திராது.

வீட்டுத் தலைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும்: விலையைப் பார்ப்பது போல நிறையையும் பாருங்கள். விலையைக் கிராமால் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பள்ளிக்கூடக் கணக்கு வீட்டுக்கு உதவட்டும். எழுதியதற்குக் குறைவாக உள்ளே இருந்தால் பேசாமல் இராதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். தராசும் படிக்கல்லும் சரியானவையா என்று பார்க்க, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள் திணைக்களம் இருக்கிறது. முறையிடுவது பகையல்ல. அடுத்து வரும் ஏழைக்கு நாம் செய்யும் தர்மம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஏதாவது குறைந்தால் முதலில் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். மனிதரைச் சந்தேகிப்பது பிறகு. கேட்க வெட்கப்பட்டுக் கரிக்கோடு இழுப்பதைவிட, “தங்கச்சி, தேயிலை முந்தியே முடியுது, ஏன் எண்டு பாப்பமா?” என்று வாய்விட்டுக் கேட்பது ஆயிரம் மடங்கு மேல்.

பிரியமானவர்களே, கடைப் பக்கற் வெளியே பெரிதாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கலாம். ஞாயிறுதோறும் பலிபீடத்தில் நாம் பெறும் அப்பம் இதற்கு நேர்மாறு. வெளியே பார்த்தால் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு. குருவானவர் அதைப் பிட்டாலும், அதன் சிறு துணிக்கையிலும் ஆண்டவர் முழுமையாக எழுந்தருளியிருக்கிறார் என்பது நமது விசுவாசம். தம்மைத் தரும்போது அவர் நிறையைக் குறைக்கவில்லை. அவரை அப்படி முழுமையாக வாங்கிக்கொண்டு போன கையாலேயே திங்கட்கிழமை காலையில் நாம் தராசைப் பிடிக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.

அந்தப் பேணியை இளையவளே கழுவினாளாம். அக்கா தடுத்தும் கேளாமல், கரிக்கோட்டை உமிச்சாம்பல் போட்டுத் தேய்த்தாள். திறப்பு மறுபடியும் அவள் கையில் இருக்கிறது. மாதக் கடைசி மூன்று நாளும் அவர்கள் வீட்டில் வெறும் சுடுதண்ணீரும் கற்கண்டும்தான். மூவரும் ஒன்றாக இருந்து குடிக்கிறார்கள்.

நமது தராசுகளையும் நமது நாவுகளையும் உண்மையில் நிலைநிறுத்த ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.